கொட்டாஞ்சேனையில நோட்டீஸ் அடிக்கிற ஒரு அச்சகம்: ஒண்டரை வருச அனுபவம்

நோட்டீஸ் அடிக்க நல்ல இடம் ஒண்டு சொல்லுங்க எண்டு போன மாசம் மட்டும் நாலு பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் போட்டு சொல்லிக்கொண்டிருக்க ஏலாது, அதால இங்கயே விரிவா எழுதுறன். கடைப் பேர் போடேல்ல. முதலாளி ஐயாட்ட கேட்டனான், "கடையப் பத்தி எழுது பிள்ளை, பேர மட்டும் இன்டர்நெட்டில போடாத, தாளில போடுறது காணும்" எண்டவர். அவர் ஏன் அப்பிடி சொன்னவர் எண்டது கீழ வாசிச்சா விளங்கும். ஜம்பட்டா வீதியில இருந்து உள்ளுக்கு போற ஒழுங்கை ஒண்டில இருக்கு. உண்மையா தேவைப்படுற ஆக்கள் மெசேஜ் பண்ணுங்க, வழி சொல்றன்.

முதல்ல கடைய பத்தி. முன்னுக்கு பாதி ஷட்டர், உள்ளுக்க ஒரு மேசை, ரெண்டு கம்ப்யூட்டர், பின்னுக்கு ஒரு கலர் மட்டும் அடிக்கிற பழைய ஹைடல்பேர்க் ஓஃப்செட் மெஷின் ஒண்டு, பக்கத்தில கொப்பி அடிக்கிற ரைசோ மெஷின் ஒண்டு, கட்டிங் மெஷின் ஒண்டு. மை மணமும் மண்ணெண்ண மணமும் வாசல்லயே அடிக்கும், ஆஸ்மா இருக்கிற ஆக்கள் வெளிய நிண்டே கதைச்சிட்டு வாறது நல்லம். ஐயா, தமிழ் டைப் பண்ற ஒரு அக்கா, மெஷின் பாக்குற சிங்கள அண்ணர் ஒருத்தர், மூண்டு பேர்தான் மொத்தமே. கல்யாணக் காட், கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், ட்யூஷன் போஸ்டர் எல்லாம் அடிக்கிறாங்க. ஆனா நான் எழுதப் போறது அரசியல் நோட்டீஸ் அடிச்ச கதை, ஏனெண்டா அதுக்குத்தான் இந்த ஊரில நல்ல இடம் கிடைக்கிறது கஷ்டம்.

நான் ஒரு சின்ன இடதுசாரிக் கட்சிட கொழும்பு வடக்குக் கிளையில செயலாளரா இருக்கிறன். கூட்டத்துக்கு ஒழுங்கா வாறது பதினொரு பேர். தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாரும் இருக்கிற கிளை, துறைமுகத்தில வேல செய்ற ஆக்கள், புறக்கோட்டையில கடையில நிக்கிற ஆக்கள், ஒரு ரீச்சர், ஒரு த்ரீவீல் ஓடுற தம்பி. நாங்க வழமையா கதைக்கிறது வாய்க்கால், குப்பை, வீட்டுத்திட்டத்தில தண்ணி வராதது, தோட்ட வீடுகளில இருந்து சனத்த எழுப்புறது. யுத்தத்த பத்தி நோட்டீஸ் அடிப்பம் எண்டு நாங்க நினைச்சதே இல்ல.

2024 ஜனவரியில என்ன நடந்தது எண்டு ஞாபகம் இருக்கிற ஆக்களுக்கு இருக்கும். ஜனவரி 1ம் திகதி வட் வரி 15 வீதத்தில இருந்து 18 ஆச்சு, அதுவரைக்கும் வட் இல்லாம இருந்த காஸுக்கும் பெற்றோலுக்கும் கூட வட் வந்திச்சு. ரெண்டு நாள் கழிச்சு, 3ம் திகதி, அப்ப ஜனாதிபதியா இருந்த ரணில் விக்கிரமசிங்க சொல்றார், செங்கடலுக்கு எங்கட கடற்படைக் கப்பல் ஒண்ட அனுப்புவம், ரெண்டு கிழமைக்கு 250 மில்லியன் ரூபா செலவாகும் எண்டு. காசா யுத்தத்தக் காட்டி யேமன் ஹூதிக்காரர் கப்பல்களுக்கு அடிக்கிறத தடுக்கிறதுக்கு அமெரிக்கா 2023 டிசம்பர்ல தொடங்கின கூட்டு நடவடிக்கையில சேருறதுக்கு. 250 மில்லியன் எண்டா 25 கோடி. இத சொன்ன அதே அரசாங்கம்தான் 2023 மார்ச் 9 நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தல காசில்ல எண்டு நடத்தாம விட்டது. வாக்குச்சீட்டு அடிக்கிறதுக்கு அரசாங்க அச்சகத்துக்கு குடுக்க காசில்லையாம். சபைகள்ட காலம் அந்த மாசத்தோட முடிஞ்சு போச்சு, எங்கட வட்டாரத்துக்கு உறுப்பினர் எண்டு அப்ப ஒருத்தரும் இல்ல, வாய்க்கால் அடைச்சா யார்ட்ட போய் கேக்கிறது எண்டே சனத்துக்கு தெரியேல்ல. ஒரு சீட்டு அடிக்க காசில்ல, கப்பல் அனுப்ப காசிருக்கு. இத சனத்துக்கு சொல்லாம எங்களால இருக்க முடியேல்ல.

கிளைக் கூட்டத்தில இது லேசா பாஸாகேல்ல, அதையும் சொல்ல வேணும். துறைமுகத்தில வேல செய்ற தோழர் ஒருத்தர் நேரா கேட்டவர், செங்கடல் பாதை மூடினா கப்பல் எல்லாம் ஆபிரிக்காவ சுத்திப் போகும், சாமான் விலை கூடும், எங்கட துறைமுகத்துக்கு அடி விழும் எண்டு அரசாங்கம் சொல்றதில பிழை என்ன எண்டு. நியாயமான கேள்வி. நாங்க அத ஒதுக்கேல்ல. சாமான் விலை கூடுறது உண்மை, ஆனா எங்கட ஒரு கப்பல் போய் நிண்டா அது குறையுமா? குறையாது எண்டுதான் கடைசியில முடிவெடுத்தம். (அந்த வருசம் தொடக்கத்தில கொழும்புத் துறைமுகத்துக்கு கப்பல் வரத்து கூடினதுதான் நடந்தது, சுத்திப் போற கப்பல்கள் இங்க கொள்கலன் மாத்தினதால. அந்தத் தோழரே பிறகு ஓவர்டைம் கதை சொல்லிக்கொண்டு வந்தவர்.) மாளிகாவத்தையில இருந்து வாற எங்கட நானா சொன்னார், காசாவில அந்தளவு சனம் சாகுறப்ப எங்கட அரசாங்கம் செய்யக்கூடிய ஒரே வேல கப்பல் அனுப்புறதா எண்டு. அதுக்குப் பிறகு ஆரும் எதிர்த்துப் பேசேல்ல.

ஏன் பேஸ்புக்கில போடாம தாளில அடிச்சம் எண்டு கேப்பீங்க. நாங்க நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில, ஜனவரி 24ம் திகதி, இன்டர்நெட்டில போடுறத கட்டுப்படுத்துற நிகழ்நிலைக் காப்புச் சட்டத்த பாராளுமன்றத்தில நிறைவேத்தினாங்க. என்ன போட்டா என்ன வழக்கு வரும் எண்டு ஒருத்தருக்கும் தெளிவில்ல. கிளையில ரெண்டு பேர் அரசாங்க வேல, அவங்க ஷெயார் பண்ணவே பயந்தாங்க. தாள் எண்டா கையில குடுக்கலாம், முகம் பாத்து ரெண்டு வார்த்தை கதைக்கலாம், வாங்கின ஆள் வீட்டுக்கு கொண்டு போவார்.

அச்சகம் தேடினது ஒரு தனி அலைச்சல். முதல் போன இடத்தில டிராஃப்ட வாசிச்சிட்டு "மெஷின் பழுது" எண்டாங்க, பின்னுக்கு மெஷின் ஓடுற சத்தம் கேட்டுக்கொண்டு இருக்கு. ரெண்டாவது இடத்தில அடிச்சுத் தாறம், ஆனா எங்கட பேர் போட மாட்டம் எண்டாங்க. ஆர் அடிச்சது எண்டு இல்லாத நோட்டீஸ கையில வச்சிருக்கிற ஆளத்தான் முதல்ல பிடிப்பாங்க எண்டு எங்கட பழைய தோழர் ஒருத்தர் சொல்லி அத வேணாம் எண்டுட்டம். மூண்டாவதா வந்ததுதான் இந்தக் கடை.

ஐயா டிராஃப்ட வாங்கி, கண்ணாடிய போட்டு, தமிழ முழுக்க வாசிச்சார். பிறகு சிங்களத்த முழுக்க வாசிச்சார். நான் நினைச்சன் எழுத்துப் பிழை பாக்குறார் எண்டு. கிட்டத்தட்ட பத்து நிமிசம். வேற எந்த அச்சகத்திலயும் என்ட நோட்டீஸ ஒருத்தரும் ரெண்டு மொழியிலயும் வாசிச்சதில்ல, பக்கம் எத்தின, தாள் எத்தின ஜிஎஸ்எம், எத்தின ஆயிரம், அவ்வளவுதான் கேப்பாங்க. இவர் கண்ணாடிய கழட்டி வச்சிட்டு கேட்டார்:

"பிள்ளை, சிங்களத்தில ரணவிரு எண்டு ஒரு சொல்லு கிடக்குதே, தமிழில அது எங்க?"

எனக்கு முகம் சுட்டுப் போச்சு. நடந்தது என்னண்டா சிங்கள நோட்டீஸ எழுதினது கிராண்ட்பாஸ் தோழர், எங்கட ரணவிருமார அமெரிக்காவுக்கு கூலிக்கு விக்காதே எண்டு தொடங்கியிருந்தார். நான் தமிழுக்கு கொண்டு வரேக்க அந்த வரிய சத்தமில்லாம விட்டுட்டன். போர்வீரர் எண்டு புகழுற அந்தச் சொல்ல கொட்டாஞ்சேனைத் தமிழ்ச் சனத்துட கையில குடுக்க எனக்கு மனம் வரேல்ல. அதுக்குப் பதிலா தமிழில நான் முள்ளிவாய்க்கால எழுதியிருந்தன், அத பாத்த சனம் இன்னொரு ஊர்ச் சனத்துக்கு நடக்கிறதுக்கு துணை போகாது எண்டு. அது சிங்களத்தில இல்ல. அவர் அதையும் பிடிச்சிட்டார்.

"முள்ளிவாய்க்கால் சிங்களத்தில இல்ல, ரணவிரு தமிழில இல்ல. இது ஒரு கட்சிட நோட்டீஸா, ரெண்டு கட்சிடயா?"

நான் ஏதோ சொல்லப் பாத்தன், வாசிக்கிற ஆக்களுக்கு ஏத்த மாதிரி எண்டு. அவர் கோவப்படேல்ல. "வாசிக்கிறவனுக்கு ஏத்த மாதிரி எண்டுதான் இந்த நாட்டில எல்லாக் கட்சியும் அடிக்குது, நானும் அடிச்சுக் குடுத்திருக்கிறன். யுத்தத்துக்கு எதிரா எண்டு சொல்லிக்கொண்டு வந்ததால கேக்கிறன். ரெண்டு மொழியிலயும் ஒரே கதை எண்டா கீழ என்ட அச்சகத்துட பேரையும் விலாசத்தையும் போடுறன். இல்லையெண்டா போட்டோகொப்பி கடைக்கு கொண்டு போங்கோ."

காசு குடுத்து வேல செய்விக்கப் போன இடத்தில இப்பிடி கேள்வி கேட்டா சில பேருக்கு பிடிக்காது. உங்களுக்கும் பிடிக்காதெண்டா இந்தக் கடைக்கு போகாதீங்க, நேராவே சொல்றன். எனக்கு அந்தக் கேள்வி தேவைப்பட்டது. நான் பதினஞ்சு வருசமா கட்சியில இருக்கிறன், எங்கட மேல்மட்டத்தில ஒருத்தரும் என்னட்ட இத கேட்டதில்ல.

திரும்ப கிளையக் கூட்டினம். ஆமர் வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடையில பிளேன் டீயோட மூண்டு மணித்தியாலம். கிராண்ட்பாஸ் தோழர் சொன்னார், அந்தச் சொல் இல்லாட்டி எங்கட பக்கத்துச் சனம் நோட்டீஸ பாதி வாசிச்சு எறிஞ்சிடும், என்ட மச்சானும் நேவியிலதான் இருக்கிறான் எண்டு. நான் சொன்னன், அந்தச் சொல் இருந்தா என்ட அம்மாவே என்னட்ட இருந்து நோட்டீஸ வாங்க மாட்டா. ரெண்டும் உண்மை. குரல் கூடினது, ஒருத்தர் எழும்பிப் போனவர் போனவர்தான், இன்னும் கிளைக்கு வாறதில்ல, அது எனக்கு இப்பவும் கவலை. கடைசியில ரீச்சர்தான் கேட்டா, அந்த மச்சான் ஏன் நேவிக்கு போனவன் எண்டு. ஓலெவலுக்குப் பிறகு வேல இல்ல, வீட்டுக் கடன், அதால போனவன் எண்டார் தோழர். அப்ப அதையே எழுதுவம் எண்டா. அப்பிடித்தான் அந்த வரி வந்தது: கப்பல்ல போகப்போறது மந்திரிமார்ட பிள்ளைகள் இல்ல, வேலையில்லாம கடற்படைக்குச் சேந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள். இது ரெண்டு மொழியிலயும் போனது. முள்ளிவாய்க்காலும் ரெண்டு மொழியிலயும் போனது, அதே வரியில வன்னியில செத்த சனத்தையும் கூலிக்கு செத்த சிப்பாய்ப் பிள்ளைகளையும் சேத்து. அந்த வசனத்த சிங்களத்தில எழுதினது கிராண்ட்பாஸ் தோழர்தான். எழுதி முடிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல.

திரும்பக் கொண்டு போனப்ப ஐயா வாசிச்சார், தலைய ஆட்டினார், அக்காட்ட குடுத்தார். அவ்வளவுதான்.

அவர் ஏன் பேர் விசயத்தில இவ்வளவு கண்டிப்பு எண்டு ரெண்டாவது தரம் போனப்ப தான் கேட்டன். 2008 மார்ச்சில என்ன நடந்தது எண்டு தமிழ்ப் பத்திரிகை வாசிச்ச ஆக்களுக்கு தெரியும். அரசாங்கத்துட யுத்த நடவடிக்கைகள விமர்சிச்சு 2006இல ஒரு ஆங்கில மாத சஞ்சிகையில எழுதினதுக்காக திசைநாயகம் எண்ட பத்திரிகையாளர பிடிச்சாங்க, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில வழக்குப் போட்டு 2009 ஓகஸ்ட் 31ம் திகதி 20 வருசக் கடூழியச் சிறை குடுத்தாங்க, உலகம் முழுக்க சத்தம் போட்ட பிறகு 2010இல பொது மன்னிப்பு. எல்லாரும் அவர்ட பேர ஞாபகம் வச்சிருக்கிறம். அவருக்கு முதல் நாள் பிடிபட்டது கொழும்பில அச்சகம் வச்சிருந்த ஒருத்தரும் அவர்ட மனைவியும். அவையும் ஒண்டரை வருசத்துக்கு மேல உள்ளுக்க இருந்துட்டுத்தான் வெளிய வந்தவை. ஐயா சொன்னார், அந்தக் கிழமை கொழும்பில தமிழ் அச்சகம் வச்சிருந்த ஒவ்வொருத்தரும் பழைய வேலைகள்ட மிச்சத் தாள இரவிரவா எரிச்சவை, நானும் எரிச்சனான், எரிச்சதுக்குள்ள கோயில் நோட்டீஸும் கிடந்தது, அந்தப் பயம். அதுக்குப் பிறகு அரசியல் வேலை எடுக்கிறதையே விட்டவராம். திரும்ப எடுக்கத் தொடங்கினப்ப ஒரு முடிவு, எடுத்தா பேரோட எடுக்கிறது, பேர் போட ஏலாத வேலைய எடுக்கிறதே இல்ல. அதே நேரம் இன்டர்நெட்டில பேர் வந்தா வாசிக்காத ஆக்களும் வந்து சண்டை பிடிப்பாங்க எண்டு அவருக்கு ஒரு எண்ணம். நான் அத மதிக்கிறன்.

2008 எண்டு அவர் சொல்லேக்க எனக்கு வேற ஞாபகமும் வந்தது. அந்த வருசம் ஜனவரி முதலாம் திகதிதான் மகேஸ்வரன் எம்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குள்ள சுட்டது, இந்தக் கடையில இருந்து நடக்கிற தூரம். அதுக்கு முதல் 2006 நவம்பர் 10 ரவிராஜ் எம்பி. சிங்களம் பழகி, சிங்களத் தொலைக்காட்சியில போய் இருந்து, யுத்தம் வேணாம் எண்டு சிங்களச் சனத்துட்ட சிங்களத்திலயே கதைச்ச மனுசன். ரெண்டு மொழியிலயும் ஒரே கதைய சொன்ன ஆளுக்கு நடந்தது அது. அதனால ஐயா என்னட்ட கேட்ட கேள்விய நான் சின்னக் கேள்வியா எடுக்கேல்ல.

யுத்தத்துக்கு எதிரா நோட்டீஸ் அடிக்கிறது கொழும்பில நாங்க தொடங்கினதும் இல்ல. 1930களில வெள்ளக்காரன்ட படைவீரருக்கு காசு சேக்க வித்த பொப்பிப் பூவுக்கு எதிரா நவம்பர் 11ம் திகதி சூரியமல் எண்ட உள்ளூர்ப் பூ வித்த இளைஞர்கள்தான் 1935 டிசம்பர்ல லங்கா சமசமாஜக் கட்சிய தொடங்கினது. ரெண்டாம் உலக யுத்தம் வந்தப்ப இது எங்கட யுத்தம் இல்ல எண்டு சொன்னதுக்காக 1940 ஜூன்ல என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா எல்லாரையும் பிடிச்சு உள்ள போட்டாங்க, 1942 ஏப்ரல்ல கண்டிச் சிறையில இருந்து தப்பி ஓடினாங்க. நான் கட்சி வகுப்பில இத பெருமையா படிச்சவள். ஆனா ஒரே கதைய ரெண்டு மொழியிலயும் சொல்றதில அவங்களும் கடைசி வரைக்கும் நிக்கேல்ல. தனிச்சிங்களச் சட்டம் வந்த காலத்தில, ஒரு மொழி எண்டா ரெண்டு நாடு ஆகும், ரெண்டு மொழி எண்டாத்தான் ஒரு நாடா இருக்கும் எண்டு எச்சரிச்ச அதே கொல்வின்தான் 1972இல சிங்களம்தான் அரசகரும மொழி எண்டத யாப்பிலயே பதிச்ச மந்திரி. இத ஐயாட்ட சொன்னப்ப அவர் "அந்த யாப்பு வரேக்க நான் யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடம், கறுப்புக்கொடி கட்டினாங்கள்" எண்டார்.

சரி, திரும்ப வேலைக்கு வாறன். ஏ5 அளவு, 70 ஜிஎஸ்எம் வெள்ளைத் தாள், ஒரு பக்கம் தமிழ், மற்றப் பக்கம் சிங்களம், கறுப்பு மட்டும், மூவாயிரம். எழுத்து நல்ல தெளிவு, ரைசோவில அடிச்ச மாதிரி கையில ஒட்டாது, மழையில நனைஞ்ச நோட்டீஸக் கூட வாசிக்க முடிஞ்சது. விலைய நான் இங்க போடேல்ல, தாள் விலை மாறிக்கொண்டே இருக்கு, 2022இல தாள் இல்லாம பள்ளிக்கூடப் பரீட்சையே தள்ளிப் போன நாடு இது. பொதுவா புறக்கோட்டைய விட கொஞ்சம் கூட எண்டு வச்சுக்கொள்ளுங்க. ஆயிரத்துக்கு கீழ எண்டா இங்க ஓஃப்செட் அடிக்கிறதில அர்த்தமில்ல, பிளேட் காசே கட்டாது, அத அவங்களே சொல்லி ரைசோவில போடச் சொல்வாங்க.

தமிழ் டைப் பண்ற அக்காவுக்கு தனியா நன்றி சொல்ல வேணும். நாங்க போனில யூனிக்கோடில அடிச்சுக் கொண்டு போனத அவட மெஷின் பாமினி எண்ட பழைய எழுத்துருவுக்கு மாத்தினப்ப கொம்பும் காலும் இடம் மாறி நிண்டது. மத்த இடங்களில அப்பிடியே அடிச்சுத் தந்திடுவாங்க, கொழும்பில தமிழ்ப் பலகைகள் எப்பிடி இருக்கு எண்டு உங்களுக்கே தெரியும், அரசாங்கப் பலகையே பிழையோடதான் நிக்குது. இவ ஒவ்வொரு வரியா திரும்ப அடிச்சா. அதோட "கூட்டு நடவடிக்கை எண்டா எங்கட அம்மாமாருக்கு விளங்காது, சேந்து அடிபடப் போறாங்க எண்டு எழுதுங்கோ" எண்டு ஒரு திருத்தமும் சொன்னா, அத எடுத்துக்கொண்டம்.

இனி குறைகள். வியாழக்கிழமை தாறம் எண்டது சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. நாங்க வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாற சனத்துக்கு குடுக்க நினைச்சிருந்தம், அது போச்சு, எனக்கு உண்மையா கோவம். போன் எடுக்க மாட்டாங்க, வட்ஸ்அப் பாத்துட்டு பதில் போட மாட்டாங்க, நேர போய் நிண்டாத்தான் வேல நகரும். கார்ட் இல்ல, காசுதான், பாதி முன்பணம். வாகனம் நிப்பாட்ட இடமே இல்ல. சிவப்பு மை அடிச்சா செம்மஞ்சள் மாதிரி வரும், படம் போட்ட போஸ்டருக்கு இங்க போகவே வேணாம்.

பெரிய பிழை ஒண்டும் நடந்தது. கட்டிங்கில ஒரு கட்டு சரிஞ்சு வெட்டுப்பட்டு, கிட்டத்தட்ட இருநூறு நோட்டீஸில கீழ் வரி அரைவாசி போயிட்டுது. கீழ் வரிதான் அச்சகத்துட பேரும் விலாசமும். எங்களுக்கு அவசரம், மேல இருக்கிற விசயம் எல்லாம் முழுசா இருக்கு, தாங்க ஐயா கொண்டு போறம் எண்டன். தரேல்ல. மெஷின் அண்ணர்ட்ட சொல்லி அந்த இருநூறையும் திரும்ப அடிக்க வச்சு, காசு வாங்காம, வெட்டுப்பட்ட கட்டை எனக்கு முன்னாலயே கிழிச்சுப் போட்டார். மெஷின் அண்ணர் மத்தியானச் சாப்பாட்டுக்கு போகாம நிண்டு அடிச்சுத் தந்தவர். அவர் ஹங்வெல்லவில இருந்து வாறவர், அடிச்சு முடிச்சு ஒரு நோட்டீஸ நாலா மடிச்சு சேர்ட் பொக்கட்டில வச்சவர், ஒண்டும் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல.

குடுத்தது மூண்டு நாள். கோட்டை ஸ்டேசன் வாசல்ல பின்னேரம் அஞ்சு மணிக்கு, குணசிங்கபுர பஸ் நிலையத்தில, செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு சனம் வாற வழியில. கோயில் வளவுக்குள்ள போகேல்ல, 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு அந்த வாசல்ல அரசியல் தாள் குடுக்க எங்களுக்கு மனமில்ல, தெருமுனையில நிண்டம். கோட்டையில ஒரு வயசான சிங்கள அம்மா சிங்களப் பக்கத்த முழுக்க நிண்டு வாசிச்சிட்டு, திருப்பி தமிழ்ப் பக்கத்த காட்டி, இதிலயும் இதேதானா எழுதியிருக்கு மகள் எண்டு கேட்டா. ஓம் அம்மா, ஒரு சொல்லும் வித்தியாசமில்ல எண்டன். அத சொல்லக்கூடிய மாதிரி இருந்ததுக்கு நான் அந்த அச்சகத்துக்குத்தான் கடமைப்பட்டிருக்கிறன். எல்லாரும் அப்பிடி இல்ல, ரெண்டு பேர் முகத்துக்கு நேர கிழிச்சாங்க, ஒருத்தர் எங்கள புலி எண்டார், பக்கத்தில நிண்ட கிராண்ட்பாஸ் தோழரையும் சேத்து.

அதுக்குப் பிறகும் ரெண்டு வேல குடுத்தம். ஒண்டு பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு எதிரா, மற்றது 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு. தேர்தல் காலத்தில அச்சகப் பேர் போடுறது சட்டப்படி கட்டாயம், அதால பேர்ப் பிரச்சினை இல்லாத மாதிரித்தான் இருந்தது, ஆனா அப்பவும் ஐயா வாசிச்சிட்டு ஒரு வரிய வெட்டச் சொன்னவர், தண்ணிக் கட்டணத்த மாநகர சபை குறைக்கும் எண்டு எழுதியிருந்தம், அது சபைட கையில இல்லாத விசயம், பொய் வாக்குறுதி எண்டு. வெட்டினம். எங்களுக்கு ஆசனம் ஒண்டும் கிடைக்கேல்ல.

போற ஆக்களுக்கு: ஞாயிறும் போயாவும் பூட்டு. காலம பத்து மணிக்கு முதல் போனா ஐயா இருப்பார். பென் டிரைவில யூனிக்கோட் கோப்போட, தாளில அடிச்ச பிரதி ஒண்டும் கட்டாயம் கொண்டு போங்க, அவர் ஸ்கிரீன்ல வாசிக்க மாட்டார். சிங்களம், தமிழ் ரெண்டையும் ஒரே நேரத்தில குடுங்க. அவசர வேல எண்டா ரெண்டு நாள் முந்தியே திகதி சொல்லுங்க, சனிக்கிழமை வேணும் எண்டா வியாழன் எண்டு.